இரு கடிகாரங்களுக்கு நடுவே ஒரு கடல்

கணிப்பொறி என்றதும் வேகத்தைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். எத்தனை விரைவாகக் கணக்கிடுகிறது, எத்தனை விரைவாகக் கொடுத்து வாங்குகிறது என்பதே விளம்பரங்களின் பேச்சு. ஆனால் 1970களிலும் 1980களிலும் வீட்டு மேசைகளுக்கு வந்து சேர்ந்த சிறு கணிப்பொறிகளை உருவாக்கிய பொறியாளர்களை அதிகம் அலைக்கழித்தது காலப்பொருத்தம் என்னும் சிக்கல். கணிப்பொறியின் மூளை ஒரு தாளத்தில் துடிக்கிறது. பக்கத்துப் பெட்டிக்குள் காந்தத் தட்டு வேறொரு தாளத்தில் சுழல்கிறது. ஒன்றின் கையிலிருப்பதை மற்றொன்று வாங்க வேண்டும். யார் யாருக்காகக் காத்திருப்பது?

இந்தக் கேள்வி கணிப்பொறியோடு பிறந்ததன்று. இராமநாதபுரம் கரைக்கும் மன்னார்த் தீவுக்கும் இடையே கிடக்கும் சிறு கடலில் அது தந்தியாகவும் ரயிலாகவும் கப்பலாகவும், கடைசியில் மனிதர்களாகவும், நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. பழைய காந்தத் தட்டின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடலின் வரலாற்றை வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சி.

தட்டு காத்திராது

முதலில் தட்டின் கதையைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவோம். ஐந்தேகால் அங்குல பிளாப்பித் தட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். தட்டின் பரப்பில் வட்டத் தடங்களும், ஒவ்வொரு தடத்திலும் செக்டர் எனப்படும் சிறு பகுதிகளும் உண்டு. படிக்கும் முனை ஒரு தடத்தின் மேல் நிலையாக நிற்க, செய்தி அதன் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

1978இல் ஆப்பிள் நிறுவனம் தன் இரண்டாம் கணிப்பொறிக்காக வெளியிட்ட தட்டு இயக்கியை எடுத்துக்கொள்வோம். ஸ்டீவ் வாஸ்னியாக் மிகக் குறைந்த சில்லுகளைக் கொண்டு வடிவமைத்த கருவி அது. அதிலிருந்து 32 மைக்ரோநொடிக்கு ஒரு பைட் வந்து விழும். அந்தக் கணிப்பொறியின் மூளையோ நொடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் முறை துடிப்பது. ஆக, ஒரு பைட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே அதற்குக் கிடைப்பவை சுமார் 32 துடிப்புகள். அதற்குள் வந்ததை எடுத்து, உரிய இடத்தில் வைத்து, அடுத்ததற்குக் கை நீட்டியிருக்க வேண்டும். பிந்தினால் அந்தப் பைட் போயிற்று. தட்டு திரும்பிப் பார்ப்பதில்லை. அதே இடம் மீண்டும் முனையின் கீழ் வர ஒரு முழுச் சுற்று ஆகும். சில துடிப்புகள் தாமதித்ததற்கு இரண்டு லட்சம் துடிப்புகளின் காத்திருப்பு தண்டனை.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வுகள் நான்கு என்று தொகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, செய்தியோடு காலத்தையும் சேர்த்து எழுதுவது. தட்டைச் சுழற்றும் மோட்டார் ஒருபோதும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. ஆகவே தடத்தில் செய்தித் துடிப்புகளுக்கு இடையே காலத் துடிப்புகளையும் பொதிந்துவிடுவார்கள். படிக்கும் சுற்று, வரும் துடிப்புகளைக் கேட்டுக்கேட்டுத் தன் தாளத்தைத் திருத்திக்கொள்ளும். நாகசுரக்காரரின் காலப்பிரமாணத்தைக் காதால் பிடித்து, தன் கையைச் சற்றே முந்தவோ பிந்தவோ விடும் தவில்காரரின் வேலை அது.

இரண்டாவது, இடைவெளி விடுவது. ஒரு செக்டரைப் படித்து அதைச் சரிபார்த்து முடிப்பதற்குள் அடுத்த செக்டர் கடந்து போய்விடும் என்றால், எண்களை வரிசையாக இடாமல் ஒன்று விட்டு ஒன்றாகவோ இன்னும் தள்ளியோ இடுவது. முதலாவதை முடித்து நிமிரும் நேரத்தில் இரண்டாவது சரியாக வந்து நிற்கும்.

மூன்றாவது, இடையில் ஒரு தங்குமிடம். வந்த செய்தியை ஒரு சிறு நினைவகத்தில் இறக்கி வைத்து, வாங்க வேண்டியவர் ஓய்ந்திருக்கும்போது கொடுப்பது. தானியத்துக்குக் களஞ்சியம் எப்படியோ அப்படி.

நான்காவது, கைகுலுக்கல். அனுப்புபவர் ‘தயார்’ என்று ஒரு கம்பியில் சைகை காட்டுவார். வாங்குபவர் ‘நானும் தயார்’ என்று மறுமொழி காட்டினால்தான் பைட் நகரும். ஒவ்வொரு முறையும் கேட்டு, ஒவ்வொரு முறையும் விடை பெற்று நடக்கும் முறை. மெதுவானது, ஆனால் எதுவும் தொலையாது.

இந்த நான்காவதன் நன்மை தீமை இரண்டையும் 1980களில் உலகெங்கும் விற்ற காம்மடோர் 64 நன்கு காட்டுகிறது. அதன் 1541 தட்டு இயக்கிக்குள் தனியாக ஒரு மூளை இருந்தது. அதாவது பெட்டிக்குள் இன்னொரு கணிப்பொறி. இரண்டும் ஒரு மெல்லிய கம்பியின் வழியே, ஒவ்வொரு துகளுக்கும் சைகை காட்டிப் பேசிக்கொண்டதால் நொடிக்குச் சுமார் 400 பைட்தான் நகர்ந்தது. பொறுமையிழந்த நிரல் எழுத்தாளர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். ஒரே ஒரு முறை கைகுலுக்கிவிட்டு, அதன்பின் இருவரும் தத்தம் துடிப்பை எண்ணியபடி, கேளாமலே சில துகள்களைக் கொடுத்து வாங்குவது. இதில் ஓர் இடர் இருந்தது. இயக்கியின் மூளை நொடிக்குப் பத்து லட்சம் முறை துடித்தது. ஐரோப்பாவில் விற்ற காம்மடோரோ நொடிக்கு 985,248 முறை துடித்தது. ஆயிரம் துடிப்புக்கு ஏறத்தாழ பதினைந்து வித்தியாசம். சில துகள்களுக்கு அது பொருட்டில்லை. நீண்ட வரிசையாக அனுப்பினாலோ ஒருவர் ஒரு துகளைக் கொடுக்கும்போது மற்றவர் அதற்கு முந்தையதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே ஒவ்வொரு பைட்டுக்கும் ஒருமுறை கடிகாரத்தைச் சரிபார்த்தே தீர வேண்டியிருந்தது. முற்றிலும் வேறான இரு கடிகாரங்களைவிட, ஏறத்தாழ ஒத்துப்போகும் இரு கடிகாரங்கள் ஆபத்தானவை. அவற்றின் பிழை உடனே கண்ணில் படாது.

சென்னை மணி, கொழும்பு மணி

ஏறத்தாழ ஒத்துப்போகும் அப்படிப்பட்ட இரு கடிகாரங்கள் மன்னார்க் கடலின் இரு கரைகளிலும் இருந்தன. சூரியனைக் கொண்டு கணக்கிட்டால் சென்னையின் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முந்தியது. கொழும்பின் நேரம் அதிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிந்தியது. தோணியில் கடப்பவனுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டன்று. அவன் காற்றைப் பார்த்துப் பாய் விரித்தான். வாடை ஓய்ந்த நாளே நல்ல நேரம். நாழிகைக்கும் நிமிடத்துக்கும் அவன் பயணத்தில் வேலையில்லை.

1858இல் கடலடித் தந்திக் கம்பி இந்தியாவையும் இலங்கையையும் இணைத்தபோது நிலைமை மாறியது. காற்றையும் நீரோட்டத்தையும் பொருட்படுத்தாத ஒரு வழி முதன்முறையாகத் திறந்தது. தந்தி அனுப்பிய நேரமும் கிடைத்த நேரமும் தாளில் பதிவாயின. இரண்டு ஊர்களின் கடிகாரங்கள் வேறுபடுகின்றன என்பது அப்போதுதான் அலுவலகப் பிரச்சினையானது.

இந்தியாவில் அதற்கு விடையாக வந்தது சென்னை நேரம். 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வு நிலையத்தின் கடிகாரம் தந்திக் கம்பிகளின் வழியே நாட்டின் பிற பகுதிகளுக்குச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்வே அட்டவணைகள் பெரும்பாலும் சென்னை நேரத்தையே பின்பற்றின. செய்தி செல்லும் அதே கம்பியில் காலமும் சென்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தட்டுக்காரர்கள் நூறாண்டு கழித்துத் தடத்தில் காலத் துடிப்பைப் பொதிந்தபோது செய்ததும் இதுவே.

1906 சனவரி முதல் நாள் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரம் இந்தியாவுக்குப் பொதுவானது. இலங்கையும் அதே ஆண்டில் அதே ஐந்தரை மணியை ஏற்றது. கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் உள்ளூர் நேரத்தை விட மனமில்லாமல் பல்லாண்டுகள் பிணங்கி நின்றன. பம்பாய் முழுமையாக இணங்க 1955 ஆயிற்று. அதாவது, இந்தியாவின் இரு பெருநகரங்கள் ஒரே நாட்டுக்குள் வேறு நேரம் காட்டிய காலத்தில், கடல் கடந்திருந்த கொழும்பும் இராமேஸ்வரமும் ஒரே நேரம் காட்டின. இரண்டு கரைகளையும் இணைக்கும் ஒரு ரயில் அட்டவணையை எழுத இதைவிடப் பொருத்தமான தருணம் இல்லை.

போட் மெயில்

அந்த அட்டவணை 1914இல் எழுதப்பட்டது. அதற்கு முன் கொழும்பு செல்பவர்கள் ரயிலில் தூத்துக்குடி சென்று அங்கிருந்து நெடுந்தொலைவு கப்பலில் போக வேண்டியிருந்தது. இராமர் பாலம் எனப்படும் மணல் திட்டுகளின் மேலேயே ரயில் பாதை அமைத்துத் தலைமன்னாரைத் தொட்டுவிடும் ஒரு திட்டமும் இருந்தது, அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகப் பாம்பன் கால்வாயின் மேல் பாலம் கட்டி இராமேஸ்வரத் தீவின் கோடியான தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீராவிக் கப்பல், அங்கிருந்து மீண்டும் ரயில் என்ற ஏற்பாடு வந்தது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் அந்தப் பணிக்கென்றே 1913இல் கட்டப்பட்டவை. சென்னை எழும்பூரிலேயே கொழும்புக்குச் சீட்டு வாங்கிவிடலாம். மக்கள் அந்த வண்டிக்கு இட்ட பெயர் போட் மெயில். சென்னைக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடும் வண்டிக்கு அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது, கப்பல் இல்லாவிட்டாலும்.

ரயிலைக் கப்பலிலேயே ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். தென்னிந்திய ரயில்வேயின் பாதை மீட்டர் அகலம். இலங்கையின் பாதை ஐந்தரை அடி அகலம். இக்கரைப் பெட்டி அக்கரைத் தண்டவாளத்தில் நிற்காது. எட்டுத் துகள் வாங்கும் வாயிலில் பதினாறு துகளை நீட்டினாற்போன்ற நிலை. ஆகவே ஒவ்வொரு பயணியும், ஒவ்வொரு மூட்டையும் இறங்கி, நடந்து, ஏறி, மீண்டும் இறங்கி ஏற வேண்டும்.

அதனால் தனுஷ்கோடியின் உயிர் அட்டவணையில் இருந்தது. ரயில் வந்து நிற்பதற்கும் கப்பல் புறப்படுவதற்கும் இடையே சுங்கச் சோதனைக்கும் மூட்டை மாற்றவும் போதிய இடைவெளி வேண்டும். மிகக் குறைத்தால் பாதிப் பேர் கரையில் நிற்பார்கள். மிக நீட்டினால் அக்கரை ரயில் வெற்றுப் பெட்டிகளோடு காத்துக் கிடக்கும். செக்டர்களைத் தள்ளித் தள்ளி எண்ணிட்ட பொறியாளரின் கணக்கு இங்கே நிலைய அதிகாரியின் கணக்காக இருந்தது. கப்பலைத் தவறவிட்டவருக்குக் கிடைத்த தண்டனையும் அதுவேதான்: அடுத்த சுற்று வரும்வரை காத்திருப்பு.

இரும்பில் ஒரு கைகுலுக்கல்

பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை அதன் அழகையும் துணிச்சலையும் பேசுபவை. நாம் இங்கே அதன் ஒழுங்கைப் பேச விரும்புகிறோம்.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் கொண்டது. அது குறுக்கே செல்லும் கால்வாயோ பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் இணைக்கும் கப்பல் வழி. ஒரே இடம், இரண்டு உரிமையாளர்கள். ரயில் செல்லும்போது கப்பல் செல்ல முடியாது. கப்பல் செல்லும்போது ரயில் செல்ல முடியாது. சிகாகோவைச் சேர்ந்த ஷெர்சரின் பெயரால் அறியப்படும் தூக்குப் பகுதி இதற்கான விடை. இரு புறமும் இரண்டு இரும்பு இறக்கைகள். ஆட்கள் நெம்புகோல்களைக் கையால் சுற்றச் சுற்ற அவை பின்னோக்கி உருண்டு வானை நோக்கி எழும்.

அது எழும் முன் ரயில்வே ‘வண்டி வராது’ என்று உறுதி சொல்ல வேண்டும். அது இறங்கிப் பூட்டிய பிறகே வண்டிக்குக் கைகாட்டி இறங்கும். கப்பல்கள் பாம்பனில் நங்கூரமிட்டுத் தங்கள் முறைக்குக் காத்திருக்கும். கணிப்பொறியின் கம்பியில் ஓடிய ‘தயார்’, ‘நானும் தயார்’ என்ற சைகைகள் இங்கே நிலையத்துக்கும் பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஓடின. பிற்காலத்தில் இந்த உரையாடலில் காற்றும் சேர்ந்தது. பாலத்தில் பொருத்திய காற்றளவி மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தைக் காட்டினால் விளக்கு தானாகவே சிவப்பாகும்; ரயில் நிற்கும். எத்தனை பெரிய மனிதர் வண்டியில் இருந்தாலும் காற்று ‘இல்லை’ என்றால் இல்லைதான். இந்த இல்லை சொல்லும் உரிமையே அந்தப் பாலத்தின் பாதுகாப்பு.

களஞ்சியத்தில் மனிதர்கள்

இதுவரை சொன்னவற்றில் இழப்பு என்பது ஒரு பைட், ஒரு மணி நேரம், தவறிய ஒரு கப்பல். இனிச் சொல்வது அப்படியல்ல.

போட் மெயிலின் முதல் வகுப்பில் அதிகாரிகளும் வணிகர்களும் சென்றிருக்கலாம். ஆனால் இந்த வழியின் பெருஞ்சுமை தோட்டத் தொழிலாளர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் இந்தக் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் தண்ணீரும் தங்குமிடமும் இன்றி, வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர்கள் ஏராளம். இடையில் தங்குமிடமே இல்லாத பரிமாற்றம் அது. தவறி விழுந்ததை யாரும் எண்ணவில்லை.

பிறகு தங்குமிடம் வந்தது. தூத்துக்குடி அருகே தட்டப்பாறையிலும், ரயில் வழி திறந்தபின் மண்டபத்திலும் நோய்த்தடுப்பு முகாம்கள் அமைந்தன. மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இலங்கை அரசின் நிர்வாகத்தில் இயங்கியது. தொழிலாளர்கள் அங்கே சில நாட்கள் நிறுத்தப்பட்டு, குளிக்கவும் துணிகளை நீராவியில் வேகவைக்கவும் ஊசி போட்டுக்கொள்ளவும் வைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பிறகே கப்பலுக்கு அனுப்பப்பட்டார்கள். அது உயிர்களைக் காத்தது என்பதை மறுக்க முடியாது. தோட்டங்களுக்கு எத்தனை பேர் எப்போது தேவையோ அத்தனை பேரை அப்போது அனுப்பும் கொள்கலமாகவும் அது பயன்பட்டது என்பதையும் மறுக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘தகரச் சீட்டு’ என்றொரு முறை இருந்தது. ஆள்கட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு தகர வில்லை. அந்த எண் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைச் சொல்லும். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். பின்னர் அது தொழிலாளியின் கடனாகும். தட்டின் ஒவ்வொரு செக்டருக்கும் முன்னால் அதன் முகவரி எழுதப்பட்டிருப்பதைப் போல, இம்மனிதர்களின் கழுத்தில் அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடம் தொங்கியது. காந்தத் தட்டின் உவமை இங்கே நமக்கு உறுத்தத் தொடங்குகிறது. உறுத்த வேண்டியதுதான். பைட்டுக்குக் காத்திருப்பது வலிக்காது. மனிதரைப் பைட்டாக எண்ணும் கணக்கு எங்கே எழுதப்பட்டது என்பதே வரலாறு கேட்க வேண்டிய கேள்வி.

ஏழுக்கு நான்கு

1964இன் கடைசி மூன்று மாதங்களில் இந்தக் கரையில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. இரண்டும் சைகையைப் பற்றியவை.

முதலாவது தில்லியில் எழுதப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரின் எண்ணிக்கை அப்போது 975,000 என்று மதிப்பிடப்பட்டது. அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் பின்னர் பேசித் தீர்க்க வேண்டியவர்கள். 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டார்கள். பதினைந்து ஆண்டுக் காலம் குறிக்கப்பட்டது. இந்தியா ஏழு பேரை ஏற்றால் இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை வழங்கும் என்பது விகிதம். இரு அரசுகளுக்கிடையே ஒரு கைகுலுக்கல். ஏழு நகர்ந்தால் நான்கு. அனுப்புபவரின் சம்மதம் உண்டு, வாங்குபவரின் சம்மதம் உண்டு. நகர்த்தப்பட்டவர்கள் அந்தப் பேச்சுவார்த்தையில் இல்லை. ஒரே குடும்பத்தில் ஒருவர் இந்தியராகவும் மற்றொருவர் இலங்கையராகவும் ஆன நிலைகள் இதன் விளைவு.

இரண்டாவது நிகழ்ச்சி டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கியபோது புயலின் கடலெழுச்சி அதை விழுங்கியது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடிக்கு முன்னால் கைகாட்டி இயங்கவில்லை, ஓட்டுநர் சற்று நேரம் காத்திருந்தார், பின் நீண்ட ஊதல் ஒன்றைக் கொடுத்து வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. எவரும் தப்பாத வண்டியின் இறுதி நிமிடங்களைப் பற்றிய இச்செய்தியை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆயினும் அந்தக் கரையின் நினைவு அந்த ஓட்டுநரை இத்தனை காலமும் கைகாட்டிக்கு முன்னால் நிறுத்தி வைத்திருப்பதில் ஒரு பொருள் இருக்கிறது. ‘தயார்’ என்ற சைகை வரவில்லை; ‘இல்லை’ என்ற சைகையும் வரவில்லை. சைகையற்ற மௌனத்தை எப்படிப் படிப்பது என்பது எந்த அட்டவணையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

தனுஷ்கோடி அத்துடன் முடிந்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தின் பல கண்கள் கடலில் சரிந்தன. தூக்குப் பகுதி நின்றது. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் செப்பனிடப்பட்டது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு இடம் மாறியது. ஏழுக்கு நான்கு என்ற கணக்கின்படி பெட்டி படுக்கைகளோடு தாயகம் திரும்பியவர்கள், தாங்கள் பெரும்பாலும் பார்த்தேயிராத அந்தத் தாயகத்தில் காலூன்றியது அங்கேதான். அவர்களை வரவேற்றதும் மண்டபம் முகாம்தான். பாட்டன்மார் போகும்போது நிறுத்தி வைக்கப்பட்ட அதே இடத்தில் பேரர்கள் வரும்போது நிறுத்தி வைக்கப்பட்டார்கள்.

1983க்குப் பின் போர்ச்சூழலில் அந்தக் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலுக்காகக் காத்திருந்த பல்லாயிரம் பேர் மலையகத்திலேயே தங்கிப்போனார்கள். இலங்கை நாடாளுமன்றம் 2003இல் இயற்றிய சட்டம்தான் அவர்களின் காத்திருப்பை முடித்தது. தட்டு நின்றுபோன பின் பரிமாற்றத்தின் நடுவில் அகப்பட்டவற்றுக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. மண்டபமோ வெறுமையாகவில்லை. 1983 முதல் படகுகளில் வந்த ஈழத்தமிழர்களுக்கும், 2022இல் பொருளாதார நெருக்கடி தாளாமல் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்து இறங்கியவர்களுக்கும் அதுவே தங்குமிடமானது. சில நாட்களுக்கென்று கட்டப்பட்ட இடத்தில் பிறந்து, வளர்ந்து, மணம் முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

அரை மணி நேரம்

கடிகாரங்களின் கதையையும் முடித்துவிடுவோம். 1906இல் ஒன்றான இரு கரைகளின் நேரம் இரண்டாம் உலகப் போரின்போது இரு பக்கமும் முன்னகர்ந்து, போர் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. 1996 மே மாதம் மின்பற்றாக்குறையைச் சமாளிக்க இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தது. அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆக, கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்குச் செல்பவர் ஒரே தீவுக்குள் அரை மணி நேரம் பின்னால் போனார். அந்தப் பகுதியின் நேரம் இராமேஸ்வரத்தின் நேரத்தோடு ஒத்திருந்தது. ஒரு கடிகாரத்தைப் பார்த்தே எந்த அரசின் எல்லைக்குள் நிற்கிறோம் என்று சொல்லிவிடக்கூடிய நிலை 2006 ஏப்ரல் 15 வரை, இலங்கை மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பும் வரை நீடித்தது. நேரம் ஒன்றானது. போர் அதற்குப் பின்னும் மூன்றாண்டுகள் நடந்தது. கடிகாரங்கள் பொருந்துவது பரிமாற்றத்துக்கு முதல் தேவை. அதுவே போதுமானதன்று என்று பொறியாளர்கள் சொல்வார்கள். வரலாறும் சொல்கிறது.

1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் இறங்குதுறை வரை திறக்கப்பட்டது. நூறாண்டு கண்ட பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டு, பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இறக்கைகளுக்குப் பதிலாக, 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி மின்விசையால் அப்படியே மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. ஆனால் போட் மெயில் என்ற பெயருக்குக் காரணமான கடல்வழியில் 2025 வரை கப்பல் திரும்பவில்லை.

இந்தியப் பாதையும் இப்போது ஐந்தரை அடி அகலம். பாம்பன் பாலம் 2007இலேயே அதற்கேற்ப மாற்றப்பட்டுவிட்டது. 1914இல் இல்லாத பொருத்தம் இன்று இருக்கிறது: ஒரே அகலத் தண்டவாளம், ஒரே ஐந்தரை மணி நேரம். அக்கரையில் தலைமன்னார் இறங்குதுறை, இக்கரையில் இராமேஸ்வரம் நிலையம். நடுவில் அந்தச் சிறு கடல். ‘தயார்’ என்று யார் முதலில் கைகாட்டுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அது முடிவாகும் நாளில், கடக்கப்போகிறவர்களையும் ஒரு சொல் கேட்டுக்கொள்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். 1964இல் கேட்கவில்லை.